ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு

ஜூன் 14, புதன்

டயர் கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று முதல் எனக்கு. போன ஐந்து மாதம் வீணாகிவிட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். அதில் நான் செய்ததையெல்லாம் எழுதியிருந்தால் எனக்கு எதிராக நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

என் பெயர் அங்கயற்கண்ணி. வயது பதினாறு. மதுரையில் பெண்ணாகப் பிறந்ததற்குக் கிடைத்த பெயர். வருகைப் பதிவேட்டில் இடம் போதாமல் கணக்கு மிஸ் 'அங்கு' என்று சுருக்கிவிட்டார். "அங்கு எங்கே?" என்று கேட்பார். "இங்கு இல்லை மிஸ்" என்று நானே பின் பெஞ்சிலிருந்து சொல்வேன்.

இன்றைய செய்தி: காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால் எங்கள் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் 3.6 என்று ஓர் எண். பழைய மில் ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று புள்ளி ஆறு மீட்டர் ரோட்டுக்குப் போகிறது. அப்பா அதை அடியாக்கிச் சொன்னார், கிட்டத்தட்ட பன்னிரண்டு. படி, முன்னறை, முன்னறையில் டிவி, டிவிக்கு மேலே மாலை போட்ட தாத்தா போட்டோ, எல்லாம்.

"தாத்தா நடுரோட்டுக்கு வந்துட்டாரு" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையில் தோசைக் கரண்டி இருந்தது. அதனால் நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

ரோட்டில் யாரும் இப்போது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "4.1 வீட்ல தண்ணி வந்துருச்சா?" "3.6 இன்னைக்கு என்ன குழம்பு?"

ஜூன் 18, ஞாயிறு

அப்பா மினிபஸ் டிரைவர். இதே ரோட்டில் ஒரு நாளைக்கு எட்டு நடை. ஒரு பக்கம் வரிசையாக எங்கள் வீடுகள், எதிர்ப்பக்கம் மூடிக் கிடக்கும் மில்லின் நீளமான மதில், நடுவில் ஊரிலுள்ள வண்டி முழுக்க. எதிரே ஒரு லாரி வந்தால் மினிபஸ்ஸின் கண்ணாடி யார் வீட்டு ஜன்னலையாவது முத்தமிட்டுவிட்டுத்தான் போகும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுகிற வரை ரோட்டைத் திட்டுவார். இன்று டேப்பை வைத்துக்கொண்டு முன்னறையை நாலாவது தடவையாக அளந்தார். அளந்தால் குறையுமா?

"பத்து வருசமாச் சொன்னீங்கள்ல, அகலப்படுத்தணும், அகலப்படுத்தணும்னு" என்றார் அம்மா. "இந்தா வந்துருச்சு."

"நான் ரோட்டைத்தான சொன்னேன். வீட்டையா சொன்னேன்?"

"ரோடு எங்கிட்டிருந்து வரும்? வானத்துலருந்தா?"

சுவரில் எண் எழுதுகிறவர் மாயக்கண்ணன் அண்ணன். அம்மா அவருக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பதால் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எங்கள் தொட்டிக்குப் பின்னால்தான் வைத்துவிட்டுப் போகிறார். "சில வீட்டுக்கு இது மூணாவது தடவை பாப்பா. மேல இருக்கவய்ங்க மாத்துறாய்ங்க, நான் அழிச்சு எழுதுறேன்" என்றார்.

அடுத்த மாதக் கடைசிக்குள் அவரவர் பங்கை அவரவரே இடித்துக்கொள்ளலாமாம். இல்லாவிட்டால் பொக்லைன் வரும். பொக்லைன் ஒரு கடி கடித்தால் மிச்ச வீடும் விரிசல் விட்டுவிடும். கொத்தனாரை வைத்து உளியால் அறுத்து எடுத்தால் கதவு, ஜன்னல், கம்பி, செங்கல் எல்லாம் முழுசாக மிஞ்சும். அதனால் ரோடு முழுக்கக் கொத்தனார் வேட்டை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பது சுலபம் போல.

ஜூன் 21, புதன்

வளைவில் இருப்பது வாசுகி அத்தை வீடு. சொந்த அத்தை இல்லை, மாவு அத்தை. அந்தக் காலத்தில் வாசுகிப் பாம்பைக் கயிறாகப் பிடித்துக் கடலைக் கடைய ரெண்டு பக்கமும் ஆள் தேவைப்பட்டது. எங்கள் வாசுகி தனியாளாக ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு பாதி ரோட்டுக்கு இட்லி போட்டுக்கொண்டிருக்கிறார். வீடு ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீளமாக இருக்கும். முன்னறையில் கிரைண்டர், ஷட்டரைத் தூக்கினால் ரோடு. அந்த அறைதான் கடை, அந்தக் கடைதான் அத்தை.

தினமும் சாயங்காலம் போய் மாவு பாக்கெட்டில் ஒட்டும் சீட்டுகளில் நான் தேதி எழுதிக் கொடுப்பேன். கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி, ஆள் அப்படி இல்லை என்பார் அத்தை. ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவது என் வழக்கம். ஆறாம் வகுப்பில் என் ஏழை ஒன்று என்று படித்து மிஸ் மார்க்கைப் பிடுங்கிவிட்டார். ஏழை என்றால் எல்லாருக்கும் இளப்பம். அன்றிலிருந்து பெல்ட் மாட்டிவிட்டேன்.

அத்தையின் வீட்டுக்காரர் ஜெயக்கொடி மாமா பத்திரம் எழுதுகிறவர். எந்த ஆபீஸிலும் தனக்கு ஆள் உண்டு என்பார். அவர் வீட்டுச் சுவரில் 1.2. ரோட்டிலேயே சின்ன எண். படியும் குழாயும்தான் போகும், கடைக்கு ஆபத்தில்லை. அந்த வீடு ஏற்கெனவே உள்வாங்கி இருப்பதால் அப்படி என்கிறார் மாயக்கண்ணன் அண்ணன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்ஜினியர் நம்ம ஆளு. ஒரு வார்த்தை சொன்னேன். உங்களுக்குச் செய்யாமயான்னுட்டாரு."

"அந்த ஒரு வார்த்தையை எங்களுக்கும் சேத்துச் சொல்லக்கூடாதா மாமா?"

"அதெல்லாம் ஆளைப் பொறுத்தது அங்கு."

அத்தை மாவைக் கிளறிக்கொண்டே, "ஒரு வார்த்தையா சொன்னாரு? ரெண்டு கிலோ அல்வாவோடல்ல சொன்னாரு" என்றார்.

ஜூன் 25, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் கூட்டம். அதிகாரிகள் மேடையில், மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலியில். இன்ஜினியர் வரவில்லை, லீவாம். அப்பா எழுந்து, எங்கள் வீட்டில் ரெண்டடி குறைத்தால் முன்னறையில் பாதியாவது தப்பிக்கும் என்று கேட்டார். நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம். பாதி வாக்கியத்திலேயே ஜெயக்கொடி மாமா மைக்கை வாங்கினார்.

"ஏன் தவமணி கவலைப்படுற? இனி உனக்கு ஷெட்டே வேணாம்ப்பா. பஸ்ஸை நேரா உன் வீட்டுக்குள்ள ஏத்தி நிறுத்திக்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். என் எந்த ஜோக்குக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. பல் தெரிந்தது, கண் தரையில் இருந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

தலைவலி என்று சொல்லிவிட்டு நான் பாதியில் கிளம்பினேன். வீடுகளில் ஆள் இல்லை. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஆனால் வண்டியில் போகிறவன் எவனும் சுவரைப் பார்ப்பதில்லை. பெயின்ட் டப்பா தொட்டிக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான் எழுதுவேன். ஒன்றை ஏழாக்க ஒரே ஒரு கோடு போதும். சிவப்புப் பெயின்ட் மண்ணெண்ணெயில் போய்விடுகிறது, நகக்கண்ணில் மட்டும் போவதில்லை.

ஜூன் 26, திங்கள்

இதற்கு டிக்கெட் போட்டிருக்கலாம். காலை ஆறரைக்கு ஜெயக்கொடி மாமா வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார். நுரை தாடியில் இறங்கியது. துண்டால் சுவரைத் துடைத்தார், போகவில்லை. 7.2. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பைக்கை உருட்டிக்கொண்டு வந்து எண்ணுக்கு முன்னால் நிறுத்தி, அதன் மேல் ஈரத் துண்டையும் காயப்போட்டார்.

நான் எதிர்பார்த்தது கத்தல். அல்வாவைத் திருப்பிக் கேட்பார் என்றுகூட நினைத்தேன். அவரோ யாரிடமும் மூச்சு விடவில்லை. டீக்கடையில் "உங்களுக்கு 1.2 தானண்ணே" என்று யாரோ கேட்டதற்கு டீயை ஊதிக்கொண்டே இருந்தாராம்.

சாயங்காலம் தேதி எழுதப் போகும்போது சொல்லிவிடுவதாகத் திட்டம். ஆறின ஜோக் ஆறின இட்லி மாதிரி, தொண்டையில் அடைக்கும்.

பிற்சேர்க்கை: மத்தியானம் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். விருதுநகர் பெரியப்பா இறந்துவிட்டார். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது. சாயங்காலத் திட்டம் தள்ளிவைப்பு.

ஜூன் 28, புதன், விருதுநகர்

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் இரண்டு நாளாக நான் பேசவே இல்லை.

இன்று காலை அம்மாவின் போனிலிருந்து வாசுகி அத்தைக்குப் போட்டேன். எடுத்ததும் பின்னால் டங் டங் என்று சத்தம்.

"என்னத்தை அது? மாவு விக்கிறதை விட்டுட்டு இடியாப்பம் ஆரம்பிச்சுட்டீங்களா?"

அத்தை இருமினார். பிறகு சிரித்தார். "எந்த ஊருக்குப் போனாலும் உன் வாய் ஓயாது புள்ள. கொத்தனார் வந்துருக்காரு. ஆள் கிடைக்காமப் போயிரும்னு மாமா எல்லாருக்கும் முந்திப் புடிச்சுட்டாரு. தூசியா இருக்கு, பிறகு பேசுறேன்."

படியை உடைக்கத்தான் கொத்தனார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு நிறைய முயற்சி எடுத்தேன்.

போனில் சார்ஜ் இருந்தது, திரும்பக் கூப்பிடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 30, வெள்ளி

ரயில் பெட்டியின் முன்பாதி இல்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிந்தது. ஷட்டர் இல்லை, முன்னறை இல்லை, கூடத்தில் பாதி இல்லை. உள்ளே இருந்த கட்டிலும் காலண்டரும் அத்தையின் நைட்டி தொங்கும் கொடியும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செங்கல் அடுக்குவதை மேற்பார்வை பார்த்தார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை.

"என்னண்ணே, உங்களுக்கு 1.2 ன்னுல்ல சொன்னீங்க?" என்று அப்பா கேட்டார்.

"திருத்திட்டாய்ங்கப்பா. வளைவுல்ல, பெரிய வண்டி திரும்பணும்ல. பொதுக் காரியம்னா யாராவது முதல்ல நிக்கணும். பாரு, பூரா உளியிலயே எடுத்தது. ஒரு செங்கல் சேதாரம் இல்லை."

குரல் மைக்கில் பேசிய அதே குரல்தான். கை மட்டும் அடுக்கின செங்கலையே மறுபடி மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தது.

அத்தை கிரைண்டரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 1, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. இதை மூன்று தடவை எழுதி அடித்தேன்.

ஜூலை 7, வெள்ளி

கிரைண்டர் இப்போது கூடத்தின் மிச்சத்தில், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. தரை மேடுபள்ளம். ஒரு கால் அந்தரத்தில் நின்றதால் அத்தை ஒரு காரைத் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார். சுற்றும்போது வீடே நடுங்குகிறது.

"இன்னைக்கு ஏழாந்தேதி" என்று சீட்டுக் கட்டை நீட்டினார். "உன் வழக்கப்படியே எழுது."

ஏழாம் மாதம் ஏழாம் தேதி. ஐம்பது சீட்டு, நூறு ஏழு. முன்பெல்லாம் அத்தை பார்க்காமல் ஒட்டுவார். இன்று ஒவ்வொரு சீட்டையும் வாங்கி, பார்த்து, ஒட்டினார்.

"கை வலிச்சாச் சொல்லு."

"தேதி எழுதவா வலிக்கும்?"

அத்தை அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினார். கிரைண்டர் சத்தத்தில் கேட்டிருக்காது.

ஜூலை 19, புதன்

சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். எங்கள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பலகை. அதில் நடந்துதான் பள்ளிக்கூடம். பாதாளச் சாக்கடையும் குடிதண்ணீரும் ஒரே நாளில் உடைந்தன. எது எது என்று மோந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

நேற்று மழை. அத்தையின் தார்ப்பாய் கிழிந்து ஒரு அண்டா மாவு போய்விட்டது. மீட்டர் பெட்டி இருந்தது முன் சுவரில்தான். அது போனதிலிருந்து பக்கத்து வீட்டு ஒயரை இழுத்து கிரைண்டர் ஓடுகிறது. மத்தியானம் நின்றுவிட்டால் சாயங்காலம் பாக்கெட் கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல்காரம்மா வந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்று பேசினார்.

"வாசுகி, எனக்குக் காலையில அறுபது பிள்ளைகளுக்கு இட்லி வேணும். இந்த மாசம் பாக்குறேன். கடையைக் கட்டிட்டேன்னாச் சொல்லு, மறுபடி வாரேன்."

"கட்டிருவேன்க்கா."

எங்கே கட்டுவார்? அங்கே ரோடு வரப்போகிறதாம். நான் சொன்ன ரோடு.

தேதி எழுதிவிட்டு வந்தேன். பத்தொன்பதில் ஏழு இல்லை, மாதத்தில் இருக்கிறது. இந்த மாதம் முழுக்க ஏழு.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஒரு வாரமாகப் பேச்சு அடிபட்டது, இன்று உறுதி. மில் இடம் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது. ரோட்டுக்கு வேண்டிய இடம் முழுக்க மதில் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் ஒரு செங்கல்லையும் தொட மாட்டார்கள். கெடுவையும் கொத்தனாரையும் தள்ளித் தள்ளிப்போட்ட சோம்பேறிகள் எல்லாரும் இன்று தீர்க்கதரிசிகள்.

அப்பா டர்பன்டைன் வாங்கிவந்து 3.6-ஐத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெடி வெடித்தது. அம்மா கேசரி கிண்டினார். "வாசுகிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துட்டு வா" என்றார்.

கொண்டுபோனேன். ஷட்டர் இருந்த இடத்தில் நின்றேன். அத்தை கேசரியை வாங்கி, "உங்க வீடு தப்பிச்சுருச்சு, சந்தோசம்" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். மாமா உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இந்த ரோட்டில் போட்ட அத்தனை குறியிலும் பலித்தது ஒன்றே ஒன்று. அது நான் போட்டது.

எழுதிவிட்டேன். இனி அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

இன்ஜினியர் பதிவேட்டோடு வந்தார். அதில் 1.2. மாமா இடிந்த இடத்தைக் காட்டினார்.

"ஏழு புள்ளி ரெண்டுன்னு இருந்துச்சு சார். என் கண்ணு பொய் சொல்லுமா?"

"ஏழுன்னு பாத்ததும் ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எப்படிக் கேட்பார்? என் ஆளு, ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று ரோடு பூராவும் சொல்லிவைத்திருந்தாரே.

"சரி, அந்தச் சுவத்தைக் காட்டுங்க."

சுவர் செங்கலாக அடுக்கியிருந்தது.

மாயக்கண்ணன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "நான் ஒண்ணுதான் சார் போட்டேன், எம்புள்ள மேல சத்தியமா" என்றார். விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் இன்ஜினியர். அண்ணன் எங்கள் தொட்டிக்குப் பின்னால் போய் டப்பாவை எடுத்தார். மூடியில் வழிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தார். "இம்புட்டுக் கொட்டுற ஆள் இல்லையே நான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

டீக்கடையில் மாமாவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: ஏழரை. இந்த ரோட்டில் என் தயாரிப்பு இல்லாமல் வெளிவரும் முதல் பட்டப்பெயர். நன்றாகத்தான் இருக்கிறது. சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

மூன்று தடவை போனேன். முதல் தடவை உப்பு கேட்டேன். இரண்டாவது தடவை மணி கேட்டேன். மூன்றாவது தடவை எதற்கு வந்தாய் என்று அத்தையே கேட்டார். மறந்துவிட்டது என்றேன். "ஞாபகம் வரும்போது வா" என்றார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அத்தை உளுந்து களைந்துகொண்டிருந்தார். நான் போய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அத்தை, சுவத்துல ஏழு போட்டது நான்."

களைகிற கை நிற்கவில்லை. தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றினார்.

"முழுசாச் சொல்லு."

சொன்னேன். மண்டபம், மைக், அப்பாவின் பல், டப்பா, பைக், விருதுநகர், போன். போனில் சார்ஜ் இருந்ததையும் சொன்னேன். எல்லாம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஒன்றரை மாதமாக என்னத்தைச் சுமந்தேன் என்று தெரியவில்லை.

"கிரைண்டர் கால்ல ஒரு முட்டு இருக்கு பாரு, அதை எடு."

எடுத்தேன். கிரைண்டர் ஒரு பக்கம் சாய்ந்தது. காரைத் துண்டைத் திருப்பினேன். அடிப்பக்கம் சிவப்பு. ஒரு ஏழு. அதன் இடுப்பில் குறுக்குக் கோடு.

ஒரே கோடு போட்டதாகத்தான் நினைத்திருந்தேன். கை தன் வழக்கப்படி ரெண்டாவதையும் போட்டிருக்கிறது.

"இது கீழ விழுந்த பிறகுதான் பாத்தேன்" என்றார் அத்தை. "அதுக்கு முன்னாடி அவரு பைக்கை நிப்பாட்டி மறைச்சுட்டாரு. பாத்திருந்தா ஒரு உளி பட விட்டுருக்க மாட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்த்தை என்கிட்ட கேக்கலை?"

"கேட்டா நீ ஒரு ஜோக் சொல்லியிருப்ப."

காரைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நானும் சிரிச்சிருப்பேன், அதான். இடியாப்பமான்னு கேட்டியே, அன்னைக்குக்கூடச் சிரிச்சேன். எங்கடை விழுந்துக்கிட்டிருக்கு, நான் போனைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்." முதல் தடவையாகக் கை நின்றது. "அதை நினைச்சாத்தான் புள்ள எனக்கு ஆத்திரமா வருது. செவுரு போனதுக்குக்கூட இல்லை."

அழுதால் நன்றாக இருக்குமே என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இருவருக்குமே.

"மாமாட்ட நான் சொல்ல மாட்டேன். நீ போய்ச் சொல்லு."

உள்ளே போனேன். மாமா சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப இன்ஜினியர் மாத்தலையா?"

"இல்லை மாமா."

"1.2 தான் போட்டுருந்தாரா?"

"ஆமா."

"சொன்ன சொல்லைக் காப்பாத்திருக்காருடி அந்த மனுசன்" என்றார். முகத்தில் ஒரு விநாடி பழைய ஜெயக்கொடி மாமா வந்துவிட்டுப் போனார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "உனக்கு நான் என்ன செஞ்சேன்?"

"எங்கப்பாவை மைக்குல, பஸ்ஸை வீட்டுக்குள்ள நிப்பாட்டச் சொன்னீங்க."

யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். நிஜமாகவே ஞாபகம் இல்லை. "அப்படியா சொன்னேன்?" என்று என்னையே கேட்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவும் நானும் காரைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்ஜினியர் ஆபீசுக்குப் போனோம். ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடிதத்தில் வந்த ஏழுகளைக் காரைத் துண்டோடு வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மாயக்கண்ணன் அண்ணன் நாளையிலிருந்து வேலைக்கு வரலாம். "இனிமே டப்பா உங்க வீட்டுல வேணாம் பாப்பா" என்றார். பாப்பா என்றுதான் சொன்னார். ஆனாலும் வேறு மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது அப்பா கேட்டார். "அன்னைக்கு நான் சிரிச்சது உனக்குத் தாங்கலையா?"

"இல்லைப்பா."

"எனக்கும்தான் தாங்கலை. அதுக்காக அவன் வீட்டையா இடிச்சேன்?"

சாயங்காலத்துக்குள் ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா தட்டில் சோறு போடுகிறார், பேசுவதில்லை. ஹாஸ்டல்காரம்மா வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆகவே அதே இடத்தில் கட்டுகிறார்கள். அப்பா மாமாவிடம் போய், ஓய்வு நாளிலெல்லாம் ஆளாக வந்து நிற்பதாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். நான் கேட்காமலே போய்ச் செங்கல் வரிசையில் நின்றுகொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருக்கும் பழைய சாந்தைச் சுரண்டிக் கொத்தனாரிடம் நீட்ட வேண்டும். மாமா சொன்னது பொய்யில்லை. ஒரு செங்கல் சேதாரம் இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

விரல் பத்திலும் ஓட்டை. பேனா வழுக்குகிறது. எதிர்ப்பக்கம் மில் மதிலைப் பொக்லைன் கடித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் இந்தப் பக்கம் சுவர் ஏற்றுகிறோம். நடுவில் அப்பாவின் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

செப்டம்பர் 6, புதன்

அம்மா இன்று பேசினார். "துணியைத் தனியா ஊற வை, சிமென்ட்டு" என்றார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

நேற்று ஷட்டரை மாட்டினார்கள். தூக்கும்போது பழைய இடத்தில் பழைய மாதிரியே கீச்சென்றது. கிரைண்டருக்கு இப்போது மேடுபள்ளம் இல்லாத தரை. இன்று காலை படிக்கு சிமென்ட் பூசினார்கள். ஹாஸ்டல் ஆர்டர் திரும்பி வரவில்லை. அத்தை அந்த அம்மாவுக்கு ஒரு பாக்கெட் சும்மா கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சாந்து காய்வதற்குள் தேதி கீறுவது வழக்கம். கொத்தனார் ஆணியை மாமாவிடம் கொடுத்தார். மாமா என்னைப் பார்த்தார், ஆணியை அத்தையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை அதை என்னிடம் நீட்டினார்.

"எழுது. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

மண்டியிட்டேன். ஒன்று போட்டேன். அதன் பக்கத்தில் ஏழு போட்டேன், வெறும் ஏழு, எல்லாரும் போடுகிற மாதிரி. அடுத்து மாதத்துக்கு ஆணியை நகர்த்தினேன். அத்தை குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்து, திரும்ப ஏழுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"கோட்டைப் போடு" என்றார். "யாரு எழுதினதுன்னு தெரியணும்ல."